போர்ச்சுகல் ரிசார்ட்ல ‘பிரைவேட் பீச்’ உண்டா? கோயம்புத்தூர் சகோதரியின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். போன வாரம் போட்ட லிஸ்பன் வீடியோவுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணே ஒண்ணை மட்டும் இன்னைக்கு எடுத்துக்கறேன். ரெண்டு வரியில பதில் சொல்லிட்டுப் போக மனசு வரலை. கோயம்புத்தூர்லேருந்து ஒரு சகோதரி எழுதியிருக்காங்க, அப்படியே படிக்கிறேன்.

“எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் முடியப்போகுது. செப்டம்பர் கடைசியில காலாண்டு லீவுல, இல்லைன்னா டிசம்பர்ல, போர்ச்சுகல் கடலோரமா ஒரு அஞ்சு நட்சத்திர ரிசார்ட்ல ஆறு நாள் தங்கலாம்னு இருக்கோம். நான், வீட்டுக்காரர், ஏழு வயசுப் பையன், கூட என் மாமியார். அவங்களுக்கு 68 வயசு, முழங்கால் வலி. இவ்வளவு பெரிய செலவு நாங்க இதுவரைக்கும் பண்ணினதில்லை. விளம்பரத்துல பிரைவேட் பீச்னு போட்டிருக்காங்க, அது நிஜமா? மாமியாரும் பையனும் கடல்ல இறங்க முடியுமா? சீ வியூ ரூமுக்குக் கூடுதலாக் கேக்குற பணத்தைக் குடுக்கலாமா?”

சகோதரி, “இவ்வளவு பெரிய செலவு பண்ணினதில்லை”ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வரிக்காகத்தான் இவ்வளவு விளக்கமாப் பேசப்போறேன். நீங்க சேர்த்து வெச்ச காசு. அது எதுக்குப் போகுதுன்னு தெரிஞ்சு குடுக்கணும்.

முதல் கேள்வி, பிரைவேட் பீச். போர்ச்சுகல்ல கடற்கரை மணல் பொதுச் சொத்து. இது இன்னைக்கு நேத்து வந்த சட்டம் இல்லை. 1864 டிசம்பர் 31-ல, லூயிஸ் மன்னர் ஆட்சியில, கடற்கரைகள் எல்லாம் பொது உடைமைன்னு அரசாணை போட்டுட்டாங்க. இப்போ இருக்கிற 2005-ஆம் வருஷச் சட்டமும் அந்த அடித்தளத்து மேலதான் நிக்குது. அலை அதிகபட்சமா ஏறி வர்ற கோட்டுக்கு மேல இன்னும் 50 மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டையைக்கூட அந்தச் சட்டம் தன் கணக்குல வெச்சிருக்கு. அதனால எவ்வளவு பெரிய ரிசார்ட்டா இருந்தாலும், அதுக்கு முன்னால இருக்கிற மணல்ல ஊர்க்காரங்க யாரும் வந்து துண்டு விரிச்சுப் படுக்கலாம். எழுந்து போங்கன்னு சொல்ல ரிசார்ட்காரங்களுக்கு உரிமை கிடையாது.

அப்புறம் எதை வெச்சு பிரைவேட் பீச்னு விளம்பரம் பண்றாங்க? ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, மணல்ல ஒரு பகுதியில குடையும் சாய்வுப் படுக்கையும் போட்டு வாடகைக்கு விட அரசாங்கத்துக்கிட்ட உரிமம் எடுப்பாங்க. கொன்செஸாவ்னு சொல்வாங்க. அந்தக் குடை, படுக்கை வேணா அவங்க சொத்து, அடியில இருக்கிற மணல் இல்லை. ரெண்டாவது, சில இடங்கள்ல ரிசார்ட் வளாகத்து வழியா இறங்குறதுதான் சுலபமான பாதை. வெளியாள் வரணும்னா ஒரு கிலோமீட்டர் சுத்தி வரணும். அதனால கூட்டம் குறைவா இருக்கும், அவ்வளவுதான். நீங்க கேக்க வேண்டிய கேள்வி “பீச் பிரைவேட்டா?” இல்லை. “குடையும் படுக்கையும் ரூம் வாடகையில சேர்த்தியா, தனியாக் காசு குடுக்கணுமா?”ன்னு கேளுங்க. சில இடத்துல சேர்த்தி, சில இடத்துல நாள் வாடகை. நாலு பேருக்கு ஆறு நாளைக்குக் கணக்குப் போட்டா அது சின்னத் தொகை இல்லை.

எனக்கு இந்தச் சட்டத்து மேல பெரிய மரியாதை உண்டு. ஒரு ராத்திரிக்குப் பல நூறு யூரோ குடுக்கிற குடும்பமும், வீட்லேருந்து ரொட்டி கட்டிக்கிட்டு பஸ்ல வந்த குடும்பமும் ஒரே அலையில கால் நனைக்கிறதைப் பார்க்கும்போது மனசு நிறைஞ்சு போகும். அதே லூயிஸ் மன்னர்தான் 1870-ல லிஸ்பன் பக்கத்துல கஷ்காய்ஷ்ங்கிற மீனவர் ஊர்க் கோட்டையைத் தன் கோடை மாளிகையாக்கிக்கிட்டார். ராஜா போனதும் பிரபுக்கள் பின்னால போனாங்க, 1889-ல ரயில் வந்தது. போர்ச்சுகல்ல பணக்காரங்க கடலோரத்துல போய்த் தங்குற பழக்கம் பெருசானது அங்கேதான்.

சரி, கடல்ல இறங்க முடியுமான்னு கேட்டீங்க. நிறைய பேர் ஏமாந்து போறது இங்கேதான். படத்துல கடல் பச்சை கலந்த நீலமா இருக்கும், மணல் பொன் மாதிரி இருக்கும். மாலத்தீவு மாதிரியே இருக்கேன்னு தோணும். ஆனா தொட்டுப் பார்த்தா வேற கடல். சென்னையிலயும் ராமேஸ்வரத்துலயும் கடல் தண்ணி 27, 28 டிகிரி, வெயில் காலத்துல 30 வரைக்கும் போகும். அந்தப் பழக்கத்தோட லிஸ்பன் பக்கத்து மேற்குக் கரையில, ஆகஸ்ட் மாசம் மட்ட மத்தியானத்துல இறங்கிப் பாருங்க. வெளிய வெயில் 30 டிகிரி அடிக்கும், தண்ணி 17, 18 டிகிரிதான் இருக்கும். கணுக்கால் விண்ணுன்னு வலிக்கும்.

கோடையில எதுக்கு இவ்வளவு குளிர்? கோடை முழுக்க அந்தக் கரையோரமா வடக்கிலேருந்து தெற்கே ஒரு காத்து அடிச்சுக்கிட்டே இருக்கும். நொர்த்தாதான்னு பேர். நம்ம மீனவர்கள் திசைக்கு ஒரு காத்துப்பேர் வெச்சிருக்காங்க இல்லையா, வாடை, கொண்டல், சோழகம், கச்சான்னு? அதுல இது வாடை. பூமி சுத்துறதால, இந்த வாடை தள்ளுற மேல்தண்ணி நேரா தெற்கே போகாம வலப்பக்கமா விலகி நடுக்கடலுக்குப் போயிடும். அந்த இடத்தை நிரப்ப ஆழத்துல இருக்கிற குளிர்ந்த தண்ணி மேல ஏறி வரும். அதனாலதான் நல்ல வெயில் காலத்துலேயே கடல் சில்லுன்னு இருக்கு. ஆனா அடியிலேருந்து வர்ற அந்தத் தண்ணியில சத்து அதிகம். அதைத் தின்னுதான் மத்தி மீன் கூட்டம் கூட்டமாக் கொழுக்குது. கேரளாக் கரையில தென்மேற்குப் பருவமழை நேரத்துல சாளை பெருகுறதுக்கும் இதே மாதிரி அடித்தண்ணி மேல வர்றதுதான் காரணம். ஜூன் மாசம் லிஸ்பன் தெருவெல்லாம் மத்தி சுடுற புகை மண்டும். குளிக்க விடாத அந்தக் காத்துதான் அந்த மீனையும் குடுக்குது.

தெற்குக் கரை, அதாவது அல்கார்வ், கொஞ்சம் வேற. அரபு மொழியில அல்-கர்ப்னா மேற்கு. அரபு ஆட்சியில வெச்ச பேர் இன்னும் நிக்குது. அந்தக் கரை தெற்கே பார்த்துத் திரும்பியிருக்கு, அதனால வாடைக்காத்தை நிலமே மறைச்சுக்கும். ஆகஸ்ட், செப்டம்பர்ல தண்ணி 21, 22 டிகிரி வரைக்கும் வரும். அல்கார்வுக்குள்ளேயும் ஒரு பிரிவினை இருக்கு. ஃபாரோ ஊருக்கு மேற்கே பார்லவெந்து, கிழக்கே சொத்தவெந்து. மாலுமிகள் வெச்ச பேர். காத்து வர்ற பக்கம், காத்து ஒதுங்குற பக்கம்னு அர்த்தம். படத்துல நீங்க பார்க்கிற செம்பாறை, குகை, வளைவு எல்லாம் மேற்குப் பக்கம். கிழக்குப் பக்கம் பாறை கிடையாது. ரியா ஃபொர்மோசான்னு ஏறக்குறைய 60 கிலோமீட்டருக்குக் காயலும் மணல் தீவுகளுமாப் போகும். அங்கே கரை சரிவாத் தட்டையா இருக்கும், தண்ணியும் கொஞ்சம் வெதுவெதுப்பு. சில நாள் கிழக்கிலேருந்து லெவாந்த்தேன்னு ஒரு காத்து வரும், நம்ம கொண்டல் மாதிரி. அது வந்தா தண்ணி சூடாகும், ஆனா அலையும் பெருசாகும்.

ஏழு வயசுப் பையன் எங்க வேணா இறங்குவான், பசங்களுக்குக் குளிர் தெரியாது. ஆனா ஒண்ணு மறக்காதீங்க, கடற்கரைக் கொடி. பச்சைன்னா நீந்தலாம். மஞ்சள்னா கால் நனைச்சுக்கலாம், நீந்தக் கூடாது. சிவப்புன்னா இறங்கவே கூடாது. நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட கொடின்னா உயிர்காப்பாளர் அந்த நேரத்துக்கு அங்க இல்லைன்னு அர்த்தம். இது அட்லாண்டிக். மேல அமைதியாத் தெரிஞ்சாலும் அடியில இழுக்கும்.

மாமியார் விஷயத்துக்கு வர்றேன். இதுல என் சொந்த அனுபவம் ஒண்ணு சொல்லணும். சில வருஷத்துக்கு முன்னால என் அப்பா அம்மா ஊர்லேருந்து வந்திருந்தாங்க. அல்கார்வ்ல ஒரு நல்ல ஹோட்டல் புக் பண்ணினேன், பேர் வேண்டாம். படத்துல நீச்சல்குளத்துக்கு அடியிலேயே கடல் இருக்கிற மாதிரி தெரிஞ்சுது. அடியிலதான் இருந்தது, பொய் இல்லை. ஆனா நடுவுல ஒரு செங்குத்துப் பாறை, அதுல மரப்படிக்கட்டு. நான் எண்ணினேன், 140 படிக்கு மேல. அப்பா முதல் நாள் பாதி இறங்கிட்டு, மூச்சு வாங்கி, அங்கேயே கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டார். அதுக்கப்புறம் மூணு நாளும் மேலேருந்தே கடலைப் பார்த்தார். ஒரு வார்த்தை குறை சொல்லலை. அவர் காலை ஒரு தடவை கடல்ல நனைக்க வெக்க முடியலையேன்னு எனக்கு இன்னும் உறுத்துது. ஒரே ஒரு கேள்வி, “மணலுக்கு எத்தனை படி?”ன்னு நான் முன்னாடியே கேட்டிருக்கலாம்.

அதனால நீங்க கேளுங்க. மெயில்லயே கேளுங்க, எண்ணிக்கையோட பதில் வாங்குங்க. “ஈஸி அக்சஸ்”னு பதில் வந்தா மறுபடியும் கேளுங்க. ஃபலேசியான்னு ஒரு கடற்கரை, அல்கார்வ்ல அல்புஃபெய்ராங்கிற ஊர் பக்கத்துல, ஆறு கிலோமீட்டர் நீளத்துக்குச் செம்மண் பாறைச் சுவர் ஓரமாப் போகும். அந்தப் பாறை மேல இருக்கிற பைன் கிளிஃப்ஸ் ரிசார்ட்ல கடற்கரைக்கு இறங்க லிஃப்ட்டே வெச்சிருக்காங்க. இந்த மாதிரி இடம் உங்களுக்குப் பொருந்தும். ஆனா நீங்க போற தேதியில லிஃப்ட் ஓடுமான்னு அதையும் கேட்டு வாங்கிக்கணும்.

இன்னொரு நல்ல விஷயம், நம்ம ஆட்களுக்கு இது தெரியறதே இல்லை. “எல்லாருக்குமான கடற்கரை”ன்னு போர்ச்சுகல் அரசாங்கம் ஒரு திட்டம் நடத்துது. அதுல சேர்ந்த கடற்கரைகள்ல படி இல்லாத சரிவுப்பாதை, மணல் மேல மரப்பலகைப் பாதை, அதுக்கேத்த கழிப்பறை எல்லாம் இருக்கும். பல இடங்கள்ல திராலோன்னு பெரிய பெரிய மிதவைச் சக்கரம் வெச்ச ஒரு நாற்காலி இருக்கும். உட்கார வெச்சு, அப்படியே தண்ணிக்குள்ள தள்ளிக்கிட்டுப் போவாங்க. கடற்கரையில இருக்கிற ஆட்கள் உதவி பண்ணுவாங்க, காசு கிடையாது. ரிசார்ட் தேர்ந்தெடுக்கும் முன்னால, பக்கத்துல இந்தத் திட்டத்துல சேர்ந்த கடற்கரை எதுன்னு பாருங்க. அஞ்சாவது நட்சத்திரத்தை விட உங்க மாமியாருக்கு அந்த நாற்காலிதான் பெருசு.

பாறை பத்தி ஒரு எச்சரிக்கை. மேற்கு அல்கார்வ்ல பாறைச் சுவரோட நிழல் பார்க்க சுகமா இருக்கும், குழந்தையை வெச்சுக்கிட்டு அங்கேதான் ஒதுங்கத் தோணும். தயவுசெஞ்சு வேண்டாம். அது கெட்டிப் பாறை இல்லை, உதிரும். 2009 ஆகஸ்ட் 21-ல அல்புஃபெய்ரா பக்கத்துல மரியா லூயிசா கடற்கரையில பாறை சரிஞ்சு அஞ்சு பேர் செத்துப்போனாங்க. பாறை எவ்வளவு உயரமோ அதுல ஒண்ணரை மடங்கு தூரம் தள்ளி உட்காரணும்ங்கிறதுதான் அங்கே சொல்ற கணக்கு. எச்சரிக்கைப் பலகை இருக்கும், அதைத் தாண்டாதீங்க. அதே கரையில பெனஜில்னு ஒரு கடல் குகை, அதையும் பார்க்க ஆசைப்படுவீங்க. 2024 ஆகஸ்ட்லேருந்து அங்கே நீந்திப் போகவோ, குகைக்குள்ள இருக்கிற மணல்ல இறங்கவோ விடுறதில்லை. படகுல போய்ப் பார்த்துட்டு வரலாம்.

கடல் ஏறி இறங்குறதையும் சொல்லிடறேன். நம்ம சென்னைக் கரையில ஓதம் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் ஏறி இறங்கும், கண்ணுக்கே பெருசாத் தெரியாது. அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மூணு மீட்டருக்கு மேல ஏறும். காலையில கிரிக்கெட் ஆடுற அளவுக்கு அகலமா இருந்த மணல், மத்தியானம் பாறையடி வரைக்கும் தண்ணியா ஆயிடும். ரெண்டு பாறைக்கு நடுவுல இருக்கிற குட்டிக் கடற்கரைகள்ல, பக்கத்துக் கரைக்கு நடந்து போனவங்க திரும்ப வழி இல்லாம மாட்டிக்கிறது உண்டு. ரிசார்ட் வரவேற்புல தினமும் ஏற்ற இறக்க நேரம் கேட்டு வெச்சுக்கோங்க.

இப்போ எங்க தங்கலாம்? நான் உங்க இடத்துல இருந்தா, செப்டம்பர் கடைசி, அல்கார்வ். அதுல சந்தேகமே இல்லை. கடல் வருஷத்துலேயே அப்போதான் ஓரளவு வெதுவெதுப்பு, அவங்க ஊர்ப் பள்ளிக்கூடம் திறந்திருக்கும், கூட்டம் குறையும், ஆகஸ்ட் வாடகையும் இருக்காது. ஆறு நாளையும் ஒரே இடத்துல போடாம, நாலு நாள் ஃபலேசியா பக்கம், ரெண்டு நாள் கிழக்கே தவீரா பக்கம்னு பிரிச்சுக்கலாம். தவீரா பக்கத்துல பர்ரீல்னு ஒரு கடற்கரை. காயலைத் தாண்டி அங்கே போக ஒரு குட்டி ரயில் ஓடுது, உங்க பையன் அதை மறக்கவே மாட்டான். ஒரு காலத்துல சூரை மீன் பிடிக்கிற பெரிய வலைகளை அங்கேதான் போடுவாங்க. 1960-களோட அந்தத் தொழில் முடிஞ்சு போச்சு. வலையை நிறுத்தப் போட்ட இரும்பு நங்கூரங்களை எல்லாம் மணல் மேல வரிசை வரிசையா நட்டு வெச்சிருக்காங்க, துருப்பிடிச்சு நிக்கும். நூத்துக்கணக்குல நங்கூரம், ஒரு படகு இல்லை. நான் போகும்போதெல்லாம் அங்கே கொஞ்ச நேரம் பேசாம நிப்பேன்.

அதே காலகட்டத்துலதான் அல்கார்வ் மாறவும் ஆரம்பிச்சுது. 1965-ல ஃபாரோ விமான நிலையம் திறந்தாங்க, அடுத்த வருஷமே அல்கார்வ்ல பெனீனாங்கிற இடத்துல கோல்ஃப் மைதானம் வந்தது. அந்த மைதானம் இருந்த இடம் முன்னாடி நெல் வயல். போர்ச்சுகல்ல நெல்லான்னு கேக்காதீங்க, அவங்க ஐரோப்பாவுலேயே அதிகமா அரிசி சாப்பிடுறவங்க. அந்த மைதானங்களுக்கும் நீச்சல்குளங்களுக்கும் ஊர்த் தண்ணி போறதுல அங்கே பெரிய கவலை இருக்கு. 2024 பிப்ரவரியில வறட்சி முத்தி, விவசாயத்துக்கு 25 சதவீதம், ஊர்களுக்கும் சுற்றுலாவுக்கும் 15 சதவீதம் தண்ணியைக் குறைச்சாங்க. நம்மளும் குடம் தூக்கிக்கிட்டு லாரிக்குக் காத்திருந்தவங்கதானே, குளியல் தொட்டியை நிரப்பும்போது அந்த நினைப்பு இருக்கட்டும்.

மத்த இடங்களைச் சுருக்கமாச் சொல்லிடறேன். சாக்ரெஸ்ல மார்ட்டின்யால் ரிசார்ட் குழந்தைகளுக்குன்னே கட்டினது, பையனுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா நாட்டோட தென்மேற்கு முனை அது, காத்து விடாது, தண்ணி குளிர். மாமியாருக்குச் சரிப்படாது. அல்கார்வ்லேயே போர்ச்செஸ் ஊர் பக்கத்துல வீலா வீட்டா ரிசார்ட் மாதிரி இடங்கள்ல, மிஷெலின்ங்கிற உணவக வழிகாட்டி குடுக்கிற நட்சத்திரம் ரெண்டு வாங்கின உணவகம் இருக்கு. அந்தச் சாப்பாடு மணிக்கணக்கா நடக்கும், ஏழு வயசுப் பையன் பொறுமையா உட்கார மாட்டான். கல்யாண நாள் அன்னைக்கு நீங்க ரெண்டு பேர் மட்டும் போறதுன்னா வேற விஷயம், பையனைப் பாட்டிகிட்ட விட்டுட்டுப் போங்க. கொம்போர்ட்டான்னு லிஸ்பனுக்குத் தெற்கே ஒரு இடம், இப்போ பணக்காரங்க எல்லாம் அங்கேதான் ஓடுறாங்க. வயல், கம்பத்துக்குக் கம்பம் நாரைக்கூடு, பைன் மரம், நீளமான வெண்மணல். எனக்கு அந்த வயலுக்காகவே பிடிக்கும், தஞ்சாவூர்ப் பக்கம் போன மாதிரி இருக்கும். ஆனா திறந்த கடல், பொழுது சாய்ஞ்சா கொசு, எதுக்கும் கார் வேணும். கஷ்காய்ஷ் லிஸ்பன்லேருந்து ரயில்ல அரை மணிக்குக் கொஞ்சம் மேல. ஊர் பார்க்கவும் கடல் பார்க்கவும் நல்லது, குளிக்க இல்லை. அதுக்குக் கொஞ்சம் தள்ளி கின்ஷூ கடற்கரையில 17-ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒண்ணை ஹோட்டலாக்கியிருக்காங்க. ஜன்னல்ல அலை வந்து மோதுற மாதிரி இருக்கும், ஆனா காத்துல மணல் முகத்துல அறையும்.

டிசம்பர்தான் போக முடியும்னா, அல்கார்வ் வேண்டாம். மழை வரும், பல இடங்கள் பாதி மூடிக்கிடக்கும், கடல் 16, 17 டிகிரி. அப்போ அட்லாண்டிக்ல இருக்கிற போர்ச்சுகலோட மடெய்ரா தீவுக்குப் போங்க. லிஸ்பன்லேருந்து விமானத்துல ஒண்ணேமுக்கால் மணி நேரம். டிசம்பர்லயும் பகல்ல 19, 20 டிகிரி இருக்கும். அந்தத் தீவோட தலைநகர் ஃபுன்ஷால்ல 1891-லேருந்து நடக்கிற ரீட்ஸ் பேலஸ் ஹோட்டல், பாறை மேல தோட்டத்தோட நிக்குது. சர்ச்சில் 1950 ஜனவரியில வந்து தங்கினார். அங்கே தங்கலைன்னாலும், முன்னாடியே சொல்லி வெச்சுட்டுச் சாயங்கால டீக்குப் போகலாம். எரிமலைத் தீவுங்கிறதால மணல் கரை ரொம்பக் குறைவு, கூழாங்கல்தான். பையனுக்கு மணல் வீடு கட்டணும்னா பக்கத்துல பொர்த்து சாந்து தீவுக்குக் கப்பல்ல போகணும், அங்கே ஒன்பது கிலோமீட்டருக்குப் பொன்மணல் இருக்கு. டிசம்பர்ல ரிசார்ட் எடுத்தா, வெளியில இருக்கிற நீச்சல்குளம் சுடுதண்ணியான்னு கேளுங்க. “ஹீட்டட் பூல்”னு போட்டிருப்பாங்க, எது சூடு, எந்த மாசம் சூடுன்னு தெளிவாக் கேக்கணும்.

பணம் கட்டும்போது ஒண்ணு. திருப்பித் தர மாட்டோம்ங்கிற மலிவு வாடகை கண்ணை இழுக்கும். ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவுல பல நாடுகளுக்குப் பொதுவான விசா, கைக்கு வர்ற வரைக்கும் அதைத் தொடாதீங்க, ரத்து பண்ணிக்கிற மாதிரி இருக்கிறதையே எடுங்க. விசாவுக்கு ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம், பெரியவங்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். லிஸ்பன்லயும் அல்கார்வோட பல ஊர்கள்லயும் ராத்திரிக்கு ஒரு ஆளுக்கு இவ்வளவுன்னு சுற்றுலா வரி தனியா வாங்குவாங்க. லிஸ்பன்ல 4 யூரோ, அல்புஃபெய்ராவுல ஏப்ரல்லேருந்து அக்டோபர் வரைக்கும் 2 யூரோ. சின்னக் குழந்தைக்குக் கிடையாது.

மூணு வேளையும் ரிசார்ட்லேயே சாப்பிடுற திட்டம் எடுக்காதீங்க. காலைச் சாப்பாடு மட்டும் போதும். வெளிய கத்தப்லானான்னு சிப்பி மாதிரி மூடுற செப்புப் பாத்திரத்துல மீனும் மட்டியும் வேகவெச்சுத் தருவாங்க, கடல் மீன் போட்ட அரிசிச் சோறு குழைவா வரும். நம்ம நாக்குக்கு அது வீட்டுச் சாப்பாடு. சைவம்னா சூப்பை மட்டும் விசாரிச்சுக் குடிங்க, கீரை சூப்புல பன்றித் தொத்திறைச்சி ரெண்டு துண்டு போடுற வழக்கம் உண்டு. நீங்க கேக்காமலே மேஜையில ரொட்டி, ஒலிவக் காய், பாலாடைக்கட்டி கொண்டுவந்து வெப்பாங்க. தொட்டாதான் காசு. வேண்டாம்னா எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க, கேக்காததுக்குப் பணம் வாங்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு.

கடைசிக் கேள்வி, சீ வியூ ரூம். மத்தவங்க கேட்டா, பகல் முழுக்க வெளிய சுத்தப்போறீங்க, வேண்டாம்னு சொல்லியிருப்பேன். உங்க வீட்டுக்கு வேணும். மாமியார்தான் அதிக நேரம் ரூம்ல இருக்கப்போறவங்க, அவங்க ரூமுக்கு மட்டும் அந்தப் பணத்தைக் குடுங்க. நீங்க தோட்டம் பார்த்த ரூம் எடுத்துக்கலாம், ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல வேணும்னு சொல்லிடுங்க. அதுலயும் வகை இருக்கு. “வீஷ்டா மார் லத்தெரால்”னா கழுத்தைத் திருப்பினாதான் கடல் தெரியும். “ஃப்ரெந்த்தே மார்”னு இருந்தா நேர் எதிரே கடல். வராந்தா உண்டான்னு கேளுங்க, அதுக்கு அவங்க சொல்ற வார்த்தையும் “வரண்டா”தான். ஜன்னலுக்கு ஜனேலா, மேஜைக்கு மேசா, சாவிக்கு ஷாவே, துவாலைக்குத் துவால்யா, அலமாரிக்கு அர்மாரியு. எல்லாம் அவங்ககிட்டேருந்து நம்ம வீட்டுக்கு வந்த வார்த்தைங்க. இங்கிலீஷ் தெரியாத உங்க மாமியார் ரூம் சுத்தம் பண்ண வர்ற அம்மாகிட்ட “துவாலை”ன்னு சொன்னா அவங்களுக்குப் புரிஞ்சிடும்.

செப்டம்பர் கடைசியில அங்கே ஏழரை மணி வாக்குல பொழுது சாயும், ராத்திரிச் சாப்பாட்டுக் கடைங்க சுறுசுறுப்பாகிறது எட்டு மணிக்கு மேல. நடுவுல அரை மணி நேரம் யாருக்கும் ஒரு வேலையும் இருக்காது. வராந்தாவுல ஒரு சால்வையும் நாலு நாற்காலியும் போட்டு வெக்கச் சொல்லுங்க.